திருப்பி வைத்த ஏடு

ஆய்வுக்கூடத்தின் அந்தப் பிரிவில் ஒரு சொல்லை மட்டும் யாரும் வாயில் எடுப்பதில்லை. கெட்ட வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. இயந்திரம் மக்கர் பண்ணுகிற அன்றைக்குத் தலைமை டாக்டரே ஒன்றிரண்டை உதிர்ப்பதுண்டு. ஆனால் 'திருப்பி' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார்கள்: எடுத்த இடத்தில் வைக்க வேண்டுமானால் 'எடுத்த இடத்தில் வை' என்று சொல், கவிழ்க்க வேண்டுமானால் 'கவிழ்த்து வை' என்று சொல், நடுவில் வேறு பேச்சு வேண்டாம். புதியவர்கள் சிரிப்பார்கள். ஏன் என்று கேட்டால், இன்குபேட்டர் பெட்டிகளின் வரிசைக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பக்கம் கண்ணைக் காட்டிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அவளுக்கு அங்கே அடைக்கோழி என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் அடைக்கோழி. அவளுக்கும் தெரியும், கோபித்துக்கொண்டதில்லை. பொருத்தமான பெயர்தான். அந்தப் பெட்டிகளை விட்டு அரை நொடி அகலமாட்டாள். கதவை யாராவது தேவையில்லாமல் திறந்தால், குஞ்சைத் தொட வந்தவனைப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பாள். போதாததற்கு அவள் உண்மையிலேயே கோழிப் பிழைப்பிலிருந்து வந்தவள்.

படிப்பு ஏறவில்லை. கல்யாணம் நடந்தது, நடந்த வேகத்திலேயே முடிந்தும் போனது. அதைப் பற்றிக் கேட்டால், "போனவன் போனான், கதவச் சாத்துங்க" என்பாள், அவ்வளவுதான். அதன் பிறகு கோழிக்குஞ்சு பொரிப்பகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். வெதுவெதுப்பான பெரிய அறை, தட்டுத் தட்டாக முட்டைகள், மூக்கைத் துளைக்கிற வாடை. தானாகப் புரட்டும் இயந்திரங்கள் அங்கே வரவில்லை. முட்டைகளைக் கையால்தான் புரட்ட வேண்டும். புரட்டாமல் விட்டால் உள்ளே இருக்கிற குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். "திருப்பி வச்சாச்சா?" என்று மேஸ்திரி கத்தினால் புரட்டியாயிற்றா என்று அர்த்தம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவள்தான் மறந்துபோனாள்.

பொரிப்பகத்தை மூடியபோது, சூடும் ஈரமும் பார்த்துப் பழகிய கை வேண்டும் என்று இந்த ஆய்வுக்கூடத்தில் எடுத்துக்கொண்டார்கள். முட்டை போய் மனிதத் திசு வந்தது. இங்கே ஓர் அச்சு இயந்திரம் இருக்கிறது. நோட்டீஸ் அடிக்கிற இயந்திரம் இல்லை. மனிதனிடமிருந்து எடுத்து வளர்த்த உயிருள்ள செல்களைக் கூழில் கலந்து, ஊசிமுனை வழியாக இழை இழையாகத் தட்டில் போடும். போட்டு முடித்ததும் பால் மேல் படிகிற ஏடு மாதிரி ஒரு மெல்லிய படலம் தட்டையாகக் கிடக்கும். ஏடு என்றுதான் அதற்குப் பெயரும்.

அதிசயமெல்லாம் அதற்கப்புறம்தான். ஏட்டில் மேல் அடுக்கு ஒன்று, கீழ் அடுக்கு ஒன்று. மேல் அடுக்கில் இருக்கிற செல்கள் வளர வளர ஒன்றையொன்று பிடித்து இழுக்கும். கீழ் அடுக்கு அசைந்து கொடுக்காது. அந்த இழுப்பில் ஏட்டின் இரண்டு ஓரங்களும் மெல்ல மேலே கிளம்பும், உள்பக்கமாக வளையும், ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொள்ளும். தட்டையாகப் படுத்திருந்தது யார் கையும் படாமல் குழாயாக உட்கார்ந்திருக்கும். மூச்சுக்குழாய்க்கு ஒட்டுப்போடுகிற துண்டு அது. தலைமை டாக்டரை எல்லோரும் மேடம் என்பார்கள். அவர் விருந்தாளிகளுக்கு விளக்கும்போது, நீளம் அகலம் உயரம் மூன்றோடு காலத்தையும் நான்காவதாகச் சேர்த்து அச்சடிக்கிறோம் என்பார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். காலம் யாரைத்தான் வளைக்காமல் விட்டது என்று அடைக்கோழி நினைத்துக்கொள்வாள். ஓரம் முதன்முதலாகக் கிளம்புகிற நாளில் மட்டும் அவளுக்கு வாயெல்லாம் பல். "எந்திரிச்சிருச்சு!" என்று பிரிவு முழுக்கச் சொல்லிவிட்டு வருவாள்.

அவளுக்கு இருந்தது ஒரே தம்பி. தம்பி, தம்பி மனைவி, இவள் மூவரும் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். மொத்த விற்பனை மார்க்கெட்டில் காய்கறி ஏலம் கூவுவது தம்பியின் வேலை. அவன் தொண்டைக்கு மார்க்கெட்டே அடக்கம். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று அவன் இழுத்தால் கடைசிக் கொட்டகையில் தூங்குகிற லாரிக்காரன்கூட எழுந்து விலை கேட்பான் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அப்படிப்பட்டவன் ஒரு நாள் லாரிக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கினான். விலா எலும்புகள் கூடிவிட்டன. ஆனால் பல வாரங்கள் தொண்டைக்குள் சொருகி வைத்திருந்த செயற்கைச் சுவாசக் குழாய் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கியிருந்தது. புண் ஆறியது, ஆறியபோது சுருங்கியது. கழுத்தில் துளை போட்டு ஒரு சின்னக் குழாயை வைத்தார்கள்.

அந்தத் துளையை விரலால் அடைத்தால்தான் அவனுக்குப் பேச்சு வரும். அதையும் அவன் கேலியாக்கினான். "விரல வச்சாத்தான் வார்த்தை வருது. ஊமையும் இல்ல, வாயாடியும் இல்ல, ரெண்டுங்கெட்டான்." போனில் பேச மூச்சு போதாது என்பதால் நகத்தால் தட்டுவான். அதற்கு அக்காவோடு ஒரு கணக்கும் வைத்திருந்தான். "ரெண்டு தட்டு தட்டினா ஏலம் இன்னும் நடக்குதுன்னு அர்த்தம், பயப்படாத. மூணு தட்டு தட்டினா சரக்கு கை மாறிருச்சுன்னு வச்சுக்க."

"வாயக் கழுவுடா" என்றாள் அவள். தினமும் வேலைக்கு நடுவில் போன் அடிக்கும். டொக், டொக். அவளும் பதிலுக்கு இரண்டு தட்டிவிட்டு வைத்துவிடுவாள்.

குழாய்க்குக் கீழேயும் சுருக்கம் இறங்கிக்கொண்டே போகிறது, இப்படியே விட்டால் அடுத்த குளிர்காலம் தாங்காது என்று அறுவை சிகிச்சை டாக்டர் சொல்லிவிட்டார். பழுதான துண்டை வெட்டிவிட்டுப் புதிய துண்டு வைப்பது ஒன்றுதான் வழி. ஆய்வுக்கூடத்தில் சோதனைக்கு ஆள் எடுத்தபோது தம்பியையும் சேர்த்துக்கொண்டார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது அவளுக்கு. தம்பியின் மூக்குக் குருத்தெலும்பிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துச் செல்களை வளர்த்தார்கள். "மூக்க அறுத்துத் தொண்டையில வைக்கப் போறாங்க. இனிமே ஏலம் கூவ வாயத் தொறந்தா தும்மல்தான் வரும்" என்றான் அவன். தம்பி மனைவி அன்றைக்கு வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள். செல்கள் சோனியாக இருந்தன. ஒரே ஒரு ஏட்டுக்குத்தான் தேறின. கொஞ்சம் மிச்சத்தை உறையவைத்து எடுத்து வைத்தார்கள்.

அப்போதுதான் விதி குறுக்கே வந்தது. தலைவிதியைச் சொல்லவில்லை, ஆய்வுக்கூட விதியைச் சொல்கிறேன். நோயாளிக்கு உறவுக்காரர் அந்த நோயாளியின் ஏட்டைக் கையால் தொடக் கூடாது. அது வேலைமேடைக்கு வரும்போது அறைக்குள்ளேயே இருக்கக் கூடாது. நியாயமான விதிதான். பாசம் இருக்கிற கை நடுங்கும். ஆனாலும் அவள் மேடத்திடம் போய் நின்றாள்.

"எத்தன பேருக்கு நான் அடைகாத்துக் குடுத்திருக்கேன். என் தம்பிக்கு மட்டும் கை கட்டிக்கிட்டு நிக்கணுமா மேடம்?"

"விதி நான் போட்டதில்ல. நீங்க வெளிய நின்னு சொல்லுங்க, உள்ள ஒருத்தர் செய்யட்டும்" என்றார் மேடம்.

அந்த ஒருத்தராகத் தோல் பிரிவிலிருந்து கம்பவுண்டர் வந்தார். ஒரு காலத்தில் மருந்துக் கடையில் மருந்து கலந்து கொடுத்தவர், அந்தப் பெயர் அப்படியே நின்றுவிட்டது. அவளைவிடக் கொஞ்சம் மூத்தவர். கை நடுங்காது, நேரம் தவறாது, சொன்னதற்கு மேல் ஒரு புள்ளி செய்யமாட்டார், கீழும் செய்யமாட்டார். தீப்புண்ணுக்கான தோல் துண்டுகளை வளர்ப்பது அவர் வேலை. அந்தத் துண்டுகளுக்குத் தீனி மாற்றும்போதெல்லாம் இரண்டு பக்கமும் ஊட்டம் சேர வேண்டும் என்று கவிழ்த்து வைப்பார்கள். தீனி என்பது செல்களுக்கு ஊற்றுகிற இளஞ்சிவப்புத் தண்ணீர். அடைக்கோழி வைத்த பெயர், எல்லாப் பிரிவிலும் ஒட்டிக்கொண்டது. ஒரு பெயரைப் பிரிவு பிரிவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவள், இன்னொரு சொல்லுக்கு அந்தப் பிரிவில் என்ன பொருள் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

ஏடு அச்சாகி வந்தது. பிரிவில் எல்லோரும் அதற்குத் தம்பி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "தம்பிக்குத் தீனி வச்சாச்சா?", "தம்பி என்ன பண்றாரு?" அவளும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, பேசுவதற்கென்று விட்டிருக்கும் துளை வழியாகக் கம்பவுண்டருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஏடு கொஞ்சம் கெட்டியானதும் ஒரு தடவை தட்டிலிருந்து எடுத்துத் தெளிந்த நீரில் அலச வேண்டும். மறுநாள் அதன் மேல்பக்கத்தில் உள்தோல் செல்களைத் தூவ வேண்டும். ஏடு வளைந்து குழாயாகும்போது மேல்பக்கம்தானே உள்பக்கமாகப் போகும்? சளியை மேலே தள்ளுகிற நுண்ணிய மயிர்கள் அந்தச் செல்களில்தான் இருக்கின்றன. அவை உள்ளே இல்லாத குழாய் கொஞ்ச நாளில் அடைத்துக்கொள்ளும். மேல்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அடையாளம் வைக்கிற வழக்கமும் அப்போது இல்லை. அந்தப் பிரிவில் ஏட்டைக் கவிழ்ப்பது என்ற நினைப்பே யாருக்கும் வந்ததில்லை.

அலசுகிற அன்று வெயில் நன்றாக அடித்த முற்பகல். கம்பவுண்டர் வழவழப்பான எஃகு மேடையில் கையை வைத்து, அகலமான கரண்டி முனையால் ஏட்டை அலசுகிற தட்டுக்கு மாற்றினார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நீர் கலங்கவில்லை, ஏட்டில் கீறல் இல்லை.

"போதும்ங்க, நல்லா அலசியாச்சு" என்றாள் துளை வழியாக. "அப்படியே திருப்பி வச்சிருங்க."

சொல்லும்போதே போன் அதிர்ந்தது. டொக், டொக். அவள் கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, பதிலுக்கு இரண்டு தட்டினாள். அன்றைக்கு மனம் நிறைந்திருந்ததால் நாலு வார்த்தையும் பேசினாள். "குளிப்பாட்டியாச்சுடா. மேல ஒரு கீறல் இல்ல. ராஜா மாதிரி இருக்க." அந்தப் பக்கம் அவன் சிரிக்கும்போது குழாயில் எழும் சீழ்க்கைச் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்தபோது ஏடு தன் தட்டில் கிடந்தது. கம்பவுண்டர் மூடி போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் உள்தோல் செல்களைத் தூவினார்கள். அதன் பிறகு பல நாள் கதவைத் திறக்கக் கூடாது. இதை மற்றவர்களுக்குச் சட்டமாகப் போட்டவளே அவள்தான். தானும் திறக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்தே இருந்தாள். திறக்கிற நாள் வந்தபோது கம்பவுண்டர் தட்டை எடுத்துக் கண்ணாடி அருகே கொண்டுவந்து பிடித்தார்.

ஓரங்கள் எழுந்திருக்கவில்லை. இரண்டு ஓரமும் தட்டின் தரையைக் கவ்விக்கொண்டு கிடந்தன. நடுப்பகுதி முதுகு மாதிரி புடைத்திருந்தது. கைக்குழந்தை முதன்முதலாகக் குப்புற விழுந்தால் வீடே கூடிச் சிரிக்குமே, அப்படிக் குப்புறக் கிடந்தது ஏடு. முதலில் அவளுக்குப் புரியவே இல்லை. புரிந்த பிறகு, புரியாமலே இருந்திருக்கலாமே என்று இருந்தது.

"இது எப்படிங்க கவுந்துச்சு?"

"நீங்கதானம்மா திருப்பி வைக்கச் சொன்னீங்க" என்றார் கம்பவுண்டர். குரலில் குற்றம் சாட்டல் இல்லை. உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை.

இனி அதைப் புரட்டிப் போட்டும் பயனில்லை. உள்தோல் செல்கள் வெளிப்பக்கத்தில் வேர் பிடித்துவிட்டன. உள்ளும் புறமும் மாற்றித் தைத்த சட்டைதான் அது, பிரித்தால் கிழியும். ஒரு சொல் வெல்லும் ஒரு சொல் கொல்லும் என்பார்கள். சுடுசொல்லைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று அதுவரைக்கும் நினைத்திருந்தாள். இது சுடுசொல் இல்லை. வீட்டில் தட்டுமுட்டுச் சாமானுக்குத் தினமும் நூறு தரம் சொல்கிற சொல்.

விசாரணை நடந்தது. மேடம் வெளிமாநிலத்தில் படித்து வளர்ந்தவர், தமிழ் கொஞ்சம் தட்டுத் தடுமாறும். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"திருப்பி வைக்கச் சொன்னேன்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"திருப்பி வச்சேன்."

"அப்ப ரெண்டு பேரும் ஒண்ணுதானே சொல்றீங்க? தப்பு எங்க?"

வேறொரு நாளாக இருந்தால் பிரிவே விழுந்து விழுந்து சிரித்திருக்கும். தப்பு என்னுது என்றார் கம்பவுண்டர். இல்லை, என் வாய்தான் என்றாள் அவள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இந்தத் தவளை தன் வாயால் தம்பியைக் கெடுத்தது என்று சொல்லி மேசையில் தலையை முட்டிக்கொண்டாள். கடைசியில் மேடம் 'தகவல் பரிமாற்றக் குறைபாடு' என்று எழுதி முடித்தார். யார் தலையிலும் பழி விழவில்லை. அதனாலேயே இருவர் தலையிலும் முழுசாக விழுந்தது. அந்தக் குறிப்பை எழுதியவர்களுக்கு இரவில் தூக்கம் வந்திருக்கும்.

உறையவைத்த மிச்சச் செல்களை எடுத்தார்கள். அவை இன்னும் சோனியாக இருந்தன. வளர்த்துத் தேற்றுவதற்குள் வெயில் காலம் போயே போய்விட்டது. மேடமே பக்கத்தில் நின்று பார்க்க, இரண்டாவது ஏட்டை அச்சடித்தார்கள். இந்தத் தடவை மூலையில் சின்னதாக ஒரு வெட்டு, மேல்பக்கம் எது என்று தெரிவதற்கு. அலசினார்கள், தூவினார்கள், எல்லாம் முறைப்படி நடந்தது. ஏடு மட்டும் அசையவில்லை. மேல்பக்கம் மேலாக, விறைத்துக்கொண்டு, பாய் மாதிரி கிடந்தது. செல்களுக்கு இழுக்கத் தெம்பில்லை என்றார் மேடம். காத்திருந்து பார்க்கலாம் என்றார். காத்திருக்கத்தான் அங்கே ஆள் இருந்ததே. அவள் காத்திருந்தாள்.

வீட்டில் தம்பிக்குப் படியேற முடியாமல் போயிற்று. பிறகு படுக்கையிலிருந்து நாற்காலிக்கு வருவதே பெரும்பாடாயிற்று. தினமும் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கண்ணால் கேட்பான். "எந்திரிக்குதுடா, கொஞ்சம் கொஞ்சமா எந்திரிக்குது" என்பாள் அவள். தம்பி மனைவி அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்று அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டிருப்பாள். "அண்ணி, நிஜமாவா?" என்று ஒரு நாள்கூட அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு நாள் தம்பி அவளைக் கட்டிலில் உட்காரச் சொல்லித் துளையில் விரலை வைத்தான்.

"கம்பவுண்டர் வந்திருந்தாரு."

"எப்ப?"

"மத்தியானம். உக்காந்து ஒரேயடியா அழுதாரு." மூச்சு வாங்கிக்கொண்டான். "அழறதுக்குக்கூட எனக்கு மூச்சு பத்தல. அவருக்கு நல்லாப் பத்துது."

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. "நான்தான்டா அப்படிச் சொன்னேன். திருப்பி வைங்கன்னு நான்தான் சொன்னேன்."

"தெரியும். ஏலத்துல காது மந்தமானவனும் வருவான். ஒரு தரம்னு சொல்லிட்டு அவன் மூஞ்சியப் பாப்போம், புரிஞ்சுதான்னு." மறுபடி மூச்சு. "நீ பாக்கலியா?"

"கண்ணாடி மங்கலா இருந்துச்சு."

"பொய் சொன்னா உன் மூக்கு விடைக்கும்க்கா. சின்ன வயசுலேருந்து பாக்கறேன். எங்க பாத்துக்கிட்டிருந்த?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டவளுக்கு இந்த ஒன்றை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. தம்பி அவள் முகத்தையே பார்த்தான். பிறகு அவன் பார்வை தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த போனுக்குப் போனது. அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, திரை தெரியாதபடி கவிழ்த்து வைத்தான்.

"ரெண்டு தரம் ஆச்சு" என்றான் விரலை எடுப்பதற்கு முன்னால். இரண்டாவது ஏட்டைத்தான் சொன்னான்.

அன்றிலிருந்து அவன் வேலை நேரத்தில் அவளைக் கூப்பிடவில்லை. முற்பகல் வரும், போகும், போன் சும்மா கிடக்கும். அவளே கூப்பிட்டால் எடுப்பான், இரண்டு தட்டு தட்டுவான், வைத்துவிடுவான். உன்னால் இல்லையடா, போன் அடித்ததால் இல்லையடா என்று வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு எத்தனையோ நாள் இருந்தது. சொன்னால் அதுதான் காரணம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்தாள். அந்தப் பயத்திலேயே நாள்கள் தீர்ந்துபோயின.

குளிர் தொடங்கியது. ஒரு முற்பகலில் அவள் வேறு யாருக்கோ தீனி மாற்றிவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. தம்பியின் போன். இத்தனை நாளுக்குப் பிறகு அவனே கூப்பிடுகிறான் என்று அவளுக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

டொக். கொஞ்சம் இடைவெளி. டொக்.

"சொல்லுடா." அந்தப் பக்கம் குழாயில் காற்று உரசுகிற சத்தம். அவள் பதிலுக்கு இரண்டு தட்டினாள். காத்திருந்தாள். மூன்றாவது தட்டு வரவில்லை. ஏலம் இன்னும் நடக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்படித்தானே கணக்கு? அவள் போனை வைத்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போனாள். அந்தத் தட்டை மூடுவதற்குள் மறுபடி போன் வந்தது. இந்த முறை பேசியது தம்பி மனைவி. "அண்ணி" என்ற ஒரு சொல்லுக்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை.

மூன்றாவது தட்டைத் தட்ட அவனுக்குத் தெம்பில்லாமல் போயிற்றா, இல்லை அக்காவிடம் அதைத் தட்ட அவனுக்கு மனசில்லாமல் போயிற்றா என்று அவள் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டில் எதுவாக இருந்தாலும் ஆறுதல் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று பிரிவில் யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்த கூச்சம் என்று நினைத்தாள். கம்பவுண்டர்தான் அவளை இன்குபேட்டர் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கடைசிப் பெட்டியைக் காட்டினார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஏடு எழுந்திருந்தது.

அவள் இல்லாத நாள்களில், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், அந்தச் சோனிச் செல்கள் எங்கிருந்தோ தெம்பைத் திரட்டி இழுத்துவிட்டன. ஓரங்கள் மேலே வந்து, வளைந்து, சேர்ந்து, ஒட்டியிருந்தன. உள்தோல் உள்ளேயே இருந்தது. குறை சொல்ல ஓரிடமில்லை. இவ்வளவு அழகான குழாயை அந்தப் பிரிவில் யாரும் பார்த்ததில்லை என்று கம்பவுண்டர் சொன்னார். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது. தம்பியை எரித்தாகிவிட்டது. தம்பியின் தொண்டை மட்டும் இங்கே உயிரோடு, பசியோடு, தீனி கேட்டுக்கொண்டிருந்தது.

மேடம் வந்து பக்கத்தில் நின்றார்.

"இது வேற யாருக்கும் சேராது. வச்சுக்கவும் கூடாது. ஆள் இல்லன்னா அழிச்சிடணும்னுதான் அவர்கிட்டயே கையெழுத்து வாங்கினோம். கம்பவுண்டர் செஞ்சிடுவாரு, நீங்க வீட்டுக்குப் போங்க."

"நான் செய்யலாமா மேடம்?"

மேடம் பெட்டிக்குள் இருந்த குழாயைப் பார்த்தார்.

"உறவுக்காரங்க தொடக் கூடாதுன்னு இருக்கே. அதனால கேக்கறேன்."

"நோயாளி இல்ல. அதனால..." மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இப்ப நீங்க தொடலாம்."

அவள் கை கழுவினாள். கையுறை போட்டாள். இத்தனை நாள் வெளியே நின்று பார்த்த கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். இப்போது கம்பவுண்டர் வெளியே நின்றார். தட்டின் மூடியைத் திறந்து, இடுக்கியால் அந்தக் குழாயை நோகாமல் எடுத்தாள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தாள். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை தெளிவாகத் தெரிந்தது. எந்த அடைப்பும் இல்லை. அவன் உயிர் போவதற்கு இந்தச் சின்ன வழி ஒன்று இல்லாததுதான் காரணம். கை நடுங்கவே இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இந்தக் கையைத்தானே நடுங்கும் என்று சொல்லி வெளியே நிறுத்தினார்கள்?

வெளுப்பு மருந்து ஊற்றி வைத்திருந்த எஃகுக் கிண்ணத்தில் அதை இறக்கினாள். முதலில் மிதந்தது. பிறகு செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப் பிடியை விடவும், ஒட்டின இடம் விட்டது. ஓரங்கள் தளர்ந்தன. மெல்ல மெல்லப் பிரிந்து, விரிந்து, பழையபடி தட்டையாகி அடியில் போய் மல்லாந்து படுத்தது. மூலையில் போட்ட வெட்டு தெரிந்தது. மேல்பக்கம் மேலாகத்தான் இருந்தது.

"முடிஞ்சுதாம்மா?" என்றார் கம்பவுண்டர் துளை வழியாக.

அவள் இடுக்கியின் முனையால் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு தட்டு தட்டினாள். இன்னொரு தட்டு தட்டினாள். மூன்றாவதைத் தட்ட இடுக்கியை ஓங்கினாள், கை வரவில்லை. இடுக்கியைக் கழுவி எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, அடுத்த தட்டுக்குத் தீனி மாற்றப் போனாள்.